பாலக்கோடு தோட்டப் பாதைக்கு நான்கு சக்கர இயக்கப் பிக்கப்: வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டில் எது பொருந்தும்?

கேள்வி: பாலக்கோடு தோட்டக்காரர்

அனைவருக்கும் வணக்கம். மாரண்டஅள்ளியை அடுத்த மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பும், அதையொட்டித் தக்காளியும் கேழ்வரகும் மாற்றி மாற்றிப் பயிரிடும் சிறு நிலமும் உள்ளன. குடியிருப்பது பாலக்கோட்டில். தார்ச்சாலை முடிந்த இடத்திலிருந்து தோப்புவரை மண்பாதை. நடுவில் ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். கடைசிப் பகுதி செங்குத்தான செம்மண் ஏற்றம். கோடையில் எந்த வண்டியும் ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மண் ஊறிவிட்டால் டிராக்டரைத் தவிர வேறெதுவும் மேலே போவதில்லை. எங்கள் சிறிய காரைத் தார்ச்சாலை ஓரத்துப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, மருந்து தெளிப்பானையும் உர மூட்டையையும் தோளில் சுமந்துகொண்டு நடக்கிறோம். என் தந்தையாருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டதால், மழைக்காலத்தில் அவர் தோப்பைப் பார்ப்பதே இல்லை என்றாகிவிட்டது.

இப்போது காரைக் கொடுத்துவிட்டு, ஐந்து பேர் அமரக்கூடிய இரட்டைக் கேபின் பிக்கப் ஒன்றைப் புதிதாக வாங்க எண்ணியிருக்கிறோம். இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டையும் காட்சியறையில் பார்த்தோம். இரண்டுமே பிடித்திருக்கின்றன என்பதுதான் சிக்கல். என் மனைவி பணி நிமித்தமாக இராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு அடிக்கடி சென்று வருபவர். அவரும் இதே வண்டியைத்தான் ஓட்டுவார். எனவே தோப்புக்கு மட்டும் உதவி, சாலையில் பாடாய்ப்படுத்தும் வண்டி எங்களுக்கு ஆகாது.

இந்த ஏற்றத்திற்கு நான்கு சக்கர இயக்கம் உண்மையில் தேவைதானா, இரண்டில் எது எங்கள் பயன்பாட்டுக்கு ஏற்றது, கியரைக் கையால் மாற்றும் வகையா தானியங்கி வகையா, தக்காளியைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் இதே வண்டியை வைத்துக்கொள்ளலாமா என்பவற்றை, இத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

பதில்: இராயக்கோட்டை மண்டி வண்டி

தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றக் கேள்விகளுக்கும் விடை அதில்தான் அடங்கியிருக்கிறது. இராயக்கோட்டை சந்தைக்குத் தக்காளி ஏற்றுவது என் தொழில். ஒரு கிரேடு (தக்காளி அடுக்கும் பெட்டி) 25 கிலோ என்று வைத்துக்கொண்டால், நாற்பது கிரேடு ஒரு டன். நீங்கள் பார்த்த இரண்டு வண்டிகளின் தொட்டியும் நீளத்திலும் அகலத்திலும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்தான். அதிலும் இருபுறமும் சக்கர மேடு உள்ளே புடைத்துக்கொண்டிருக்கும். ஓர் அடுக்குக்கு ஆறு கிரேடு ஒழுங்காக உட்காரும். இரண்டாம் அடுக்கே பக்கச் சுவருக்கு மேல் தலை நீட்டிவிடும். பக்கச் சுவர் இறங்காது, பின்கதவு மட்டுமே திறக்கும் என்பதால், ஒருவர் தொட்டிக்குள் ஏறி நின்று ஒவ்வொரு கிரேடாக உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இருபது கிரேடு ஏற்றுவதற்குள் ஆளுக்கு இடுப்பு கழன்றுவிடும்.

உங்கள் முதல் தேவை சரக்கு என்றால், மஹிந்திரா பொலேரோ கேம்பரைப் பாருங்கள். இரட்டைக் கேபின், ஏறத்தாழ ஒரு டன் சுமை, அதில் நான்கு சக்கர இயக்கம் கொண்ட வகையும் உண்டு. டாடா யோதாவிலும் இரட்டைக் கேபினும் நான்கு சக்கர இயக்கமும் கிடைக்கின்றன. விலை நீங்கள் சொல்லும் வண்டிகளில் பாதிகூட வராது. கேம்பரின் இஞ்சின் 75 குதிரைத்திறன்தான். நெடுஞ்சாலையில் பேருந்தை முந்துவதற்கு நிதானம் வேண்டும், கேபினுக்குள் சத்தமும் அதிகம். ஆனால் எந்த ஊர்ப் பட்டறையிலும் அதைப் பிரித்து மாட்டுவார்கள். முப்பது லட்சத்து வண்டியில் அழுகிய தக்காளிச் சாறு வழிவதைப் பார்க்க உங்களுக்கே மனம் வராது.

பதில்: தேன்கனிக்கோட்டை மலைப்பாதை

மேலே அண்ணன் எடையைப் பற்றி எழுதியிருப்பது முழுக்க உண்மை. ஆனால் கேள்வி கேட்டவரின் நிலையை நான் சற்று வேறாகப் பார்க்கிறேன். இந்தப் பக்கத்துத் தோப்புகளில் பெங்களூரா மாங்காய் பெரும்பாலும் மரத்திலேயே விலைபேசப்பட்டு, வியாபாரியின் லாரியிலோ டிராக்டரிலோ கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள கூழ் ஆலைகளுக்குப் போகிறது. தக்காளிப் பறிப்புக்கும் வாடகை வண்டி சந்து பொந்தெல்லாம் வந்து ஏற்றிக்கொள்கிறது. ஆண்டு முழுவதும் தோப்புக்குச் சொந்த வண்டியில் போக வேண்டியவை ஆட்கள், நான்கைந்து உர மூட்டைகள், கழற்றிய மோட்டார், பிவிசி குழாய், தெளிப்பான், சாப்பாட்டுக் கூடை ஆகியவைதான். யூரியா மூட்டை ஒன்று 45 கிலோ. ஐந்து மூட்டை வைத்தாலும் 225 கிலோ. இந்த வேலைக்கு வி-கிராஸும் ஹைலக்ஸும் தாராளம். எனவே பறிப்பு நாளுக்கு வாடகை வண்டி, மற்ற நாளுக்குச் சொந்த வண்டி என்று பிரித்துக்கொண்டால் கணக்கு எளிதாகிறது.

நான் சில ஆண்டுகளாக அஞ்செட்டி, தளிப் பக்கம் வி-கிராஸ் நான்கு சக்கர இயக்க வகையை ஓட்டி வருகிறேன். என் மைத்துனர் ஹைலக்ஸ் வைத்திருக்கிறார், அதையும் அவ்வப்போது ஓட்டுவதுண்டு. வி-கிராஸ் நம் எல்லையை ஒட்டிய ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் தயாராகிறது. 2016இல் இங்கு விற்பனைக்கு வந்தது. 2021இலிருந்து வரும் 1.9 லிட்டர் டீசல் இஞ்சின் 163 பிஎஸ் (குதிரைத்திறன் அளவு) திறனும் 360 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் தருகிறது. ஹைலக்ஸ் 2022இல் வந்தது. ஃபார்ச்சூனரில் உள்ள அதே 2.8 லிட்டர் டீசல், 204 பிஎஸ். அதன் இழுவிசை கை கியர் வகையில் 420, தானியங்கியில் 500 நியூட்டன் மீட்டர். தாளில் பார்க்கும்போது இது பெரிய வேறுபாடு. ஓசூர் சாலையில் லாரியை முந்தும்போதும் அந்த வேறுபாடு காலடியிலேயே தெரிகிறது. ஹைலக்ஸ் சிரமமின்றிக் கடந்துவிடும், வி-கிராஸில் ஒரு கியர் இறக்கிக் காத்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் செம்மண் ஏற்றத்தில் இந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அங்கே வேலை செய்வது டயரின் பிடியும் ‘லோ’ கியரும்தான்.

நான்கு சக்கர இயக்கம் தேவையா என்றால், நீங்கள் வர்ணிக்கும் பாதைக்குக் கட்டாயம் தேவை என்பேன். பிக்கப்பின் பின்பாரம் காலியாக இருக்கும்போது பின்சக்கரங்களின்மேல் எடை மிகக் குறைவு. இயக்கமும் பின்சக்கரத்திற்கு மட்டும் என்றால், ஈரச் செம்மண்ணில் ஒரு சாதாரண முன்சக்கரக் கார் ஏறும் இடத்தில்கூட இந்த இரண்டு டன் வண்டி சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்கும். வி-கிராஸ் குடும்பத்தில் பின்சக்கர இயக்க வகைகளும் விற்கப்படுகின்றன. தோற்றத்தைப் பார்த்து அதை வாங்கிவிட வேண்டாம். ஹைலக்ஸில் எல்லா வகைகளுமே நான்கு சக்கர இயக்கம் கொண்டவை. பின் அச்சைப் பூட்டும் வசதியும் உண்டு. ஒரு பின்சக்கரம் பள்ளத்தின்மேல் அந்தரத்தில் தொங்கினாலும், பூட்டைப் போட்டால் தரையிலிருக்கும் மறு சக்கரம் தள்ளிவிடும்.

இரண்டிலும் உள்ளது நாம் வேண்டும்போது மட்டும் இணைத்துக்கொள்ளும் முறை. ‘ஃபோர் ஹை’ நிலைக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். ‘ஃபோர் லோ’வுக்கு வண்டியை நிறுத்தி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து மாற்ற வேண்டும், அதில் வேகம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைந்து, இழுவை அதே அளவு கூடும். உங்கள் ஏற்றத்தின் அடிவாரத்திலேயே நின்று லோ போட்டு, இரண்டாம் கியரில், ஆக்சிலேட்டரை மிதிக்காமல் தடவிக்கொண்டே ஏறுங்கள். நடுவழியில் வழுக்கத் தொடங்கியபின் லோ தேடுவது காலம் கடந்த வேலை. இறங்கும்போது இதைவிடப் பயன். முதல் கியரில் பிரேக்கைத் தொடாமல் விட்டால் ஆள் நடக்கும் வேகத்தில் இஞ்சினே பிடித்து இறக்கும். காய்ந்த தார்ச்சாலையில் மட்டும் நான்கு சக்கர இயக்கத்தை இணைத்து ஓட்டக்கூடாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருக்க, நடுவில் அதை ஈடுசெய்யும் டிஃபரன்ஷியல் இல்லாததால் ஷாஃப்டும் பற்சக்கரங்களும் முறுக்கிக்கொள்ளும்.

இனி, காட்சியறையில் யாரும் சொல்லாதவை. இரண்டின் நீளமும் 5.3 மீட்டர், பாலக்கோடு கடைவீதியில் நிறுத்துவது அன்றாடத் தொல்லை. திரும்புவதற்கு ஆறு மீட்டருக்கும் மேற்பட்ட ஆரம் தேவைப்படுவதால், வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகள் சிலவற்றில் எதிரே வண்டி வந்துவிட்டால் ஒருமுறை பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். பின்னால் கமான் பட்டை என்பதால் காலி வண்டி குதிக்கும். பின்னிருக்கையில் அமர்ந்தவர் வேகத்தடைகளை எண்ணிக்கொண்டு வருவார். தொட்டியில் நூறு, நூற்றைம்பது கிலோ இருந்தால் அதே வண்டி படிந்து, வேறு வண்டிபோல ஓடும். உங்கள் தந்தையாரை முன்னிருக்கையில் அமர்த்துங்கள். பக்கப்படி கட்டாயம் பொருத்துங்கள், தரையிலிருந்து கேபின் அவ்வளவு உயரம்.

கியர் பற்றி: மனைவியார் ஓசூர் நெரிசலில் ஓட்டுவார் என்பதால் தானியங்கியே என் பரிந்துரை. சேற்றில் தானியங்கி உதவாது என்ற பேச்சு பழைய வண்டிகளின் காலத்தது. ஏற்றத்தில் பாதியில் நின்று மீண்டும் நகரும்போது கிளட்ச் கருகும் அபாயம் அதில் இல்லை. இறக்கத்தில் மட்டும் ‘டி’யில் விட்டுவிடாமல், கையால் கியரைக் கீழே பிடித்து வைத்துக்கொள்ளப் பழக வேண்டும்.

கேள்வியாளர்: பாலக்கோடு தோட்டக்காரர்

இருவருக்கும் மிக்க நன்றி. மாங்காயும் தக்காளியும் எப்படியும் வாடகை வண்டியில்தான் போகும் என்பது சரியே. அதை நான் மனத்தில் வைக்காமல் குழப்பிக்கொண்டிருந்தேன். மேலும் மூன்று ஐயங்கள். பிக்கப் என்றால் மஞ்சள் போர்டுதான் போட வேண்டும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் பெங்களூரில் வாங்கினால் மலிவு என்கிறார். சாதாரணக் கார் உரிமம் இதற்குப் போதுமா என்றும் தெரிய வேண்டும்.

பதில்: கிருஷ்ணகிரி ஆர்.சி. உதவி

ஆர்.டி.ஓ. அலுவலக ஆவணப் பணியில் இருப்பதால் இந்த மூன்றுக்கும் நான் எழுதுகிறேன்.

வி-கிராஸும் ஹைலக்ஸும் தனிநபர் பயன்பாட்டுக்கு வெள்ளை போர்டிலேயே பதிவாகின்றன. இதற்கு ஈடாக நீங்கள் ஏற்றுக்கொள்ளும் கட்டுப்பாடு இரண்டு. முதலாவது, வாடகைக்குச் சரக்கு ஏற்றக்கூடாது. பக்கத்துத் தோட்டத்துக்காரரின் மூட்டைகளைக் காசு வாங்கிக்கொண்டு ஏற்றிச் செல்லும்போது விபத்து நேர்ந்தால், தனிநபர் காப்பீட்டில் அந்த இழப்பீட்டுக் கோரிக்கை நிற்காது. இரண்டாவது, எடை. வெளிநாட்டுக் காணொளிகளில் இவ்வகை வண்டிகள் ஒரு டன் சுமப்பதைப் பார்த்துவிட்டு இங்கும் அப்படியே என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே செல்லுபடியாவது ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) அச்சிட்ட எண் மட்டுமே. அதில் மொத்த எடை, வெற்று எடை என இரண்டு இருக்கும்; முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து, ஏறி அமரும் ஆட்களின் எடையையும் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்கள் சரக்கு. ஐந்து பேர் அமர்ந்த வண்டியில் அது எவ்வளவு சுருங்கிவிடுகிறது என்பதைப் பணம் கட்டும் முன்பே கணக்கிட்டுப் பாருங்கள். விற்பனையாளரிடம் அதே வகையின் ஆர்.சி. நகல் ஒன்றைக் கேட்டாலே போதும். கூடுதல் சுமைக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அடிப்படை அபராதமே 20,000 ரூபாய். அதற்குமேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000.

மஞ்சள் போர்டு வைத்த சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை என்றாலும், உங்கள் பயன்பாட்டுக்கு இந்த அலைச்சல் தேவையற்றது.

வரியில் ஒரு வேடிக்கை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது, இவ்வண்டிகளும் அந்தப் பயனைப் பெற்றன. ஹைலக்ஸின் விலை வகையைப் பொறுத்து இரண்டரை லட்சம் ரூபாய் வரை இறங்கியது. அதே நாளில் பெரிய கார்கள் 40 சதவீதத்திற்குள் போயின. ஜிஎஸ்டிக்குச் சரக்கு வண்டியாக நிற்கும் இதே வண்டி, வெள்ளை போர்டுக்கு வரும்போது காராகிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட வாழ்நாள் வரிப்படி, 10 லட்சத்திற்கு மேல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். காட்சியறை விலையைக் கேட்டுவிட்டு வீடு திரும்புபவர்கள் சாலை விலையைக் கேட்டதும் மலைத்துப்போவது இதனால்தான். இரு வண்டிகளுக்கும் இடையிலுள்ள விலை வேறுபாட்டின்மேலும் இந்த வரி ஏறும் என்பதை மறக்க வேண்டாம்.

பெங்களூரில் வாங்குவதில் தவறில்லை. தற்காலிகப் பதிவில் கொண்டுவந்து நம் அலுவலகத்தில் பதியலாம். பாலக்கோடு தருமபுரி மாவட்டம் என்பதால் டிஎன் 29 வரிசை கிடைக்கும். ஆனால் வாழ்நாள் வரியை இங்குதான் செலுத்தப் போகிறீர்கள் என்பதால், மிச்சமாவது விற்பனையாளர் தரும் தள்ளுபடி மட்டுமே. கர்நாடகப் பதிவோடு வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை ஓசூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கிறது. வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கு மறுபதிவு செய்தாக வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

உரிமம் பற்றிக் கவலை வேண்டாம். இலகுரக வாகன உரிமமே போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் அந்த உரிமத்தில் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்துவிட்டது.

வாங்கிய மறுநாளே அலங்கார வேலைக்குப் போகிறவர்களுக்காக ஒரு சொல். முன்புறம் இரும்புக் கம்பி பொருத்துவதை மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே தடைசெய்துவிட்டது. அது மோதலின்போது ஏர்பேக் திறப்பதையும் குழப்பும். வண்டியை உயர்த்துவது, அளவு மாறிய பெரிய டயர் போடுவது ஆகியவை ஆர்.சி.யில் உள்ள விவரத்தை மாற்றுவதால் 52ஆம் பிரிவுக்குள் வரும்.

பதில்: தருமபுரி டீசல் பட்டறை

பராமரிப்பைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. இன்றைய பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டி எதுவானாலும் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கும். கரித்துகள் அதில் சேரும். வண்டி சீரான வேகத்தில் சிறிது நேரம் தொடர்ந்து ஓடி, வெப்பம் ஏறினால்தான் அந்தக் கரி தானாக எரிந்து வெளியேறும். தினமும் பாலக்கோட்டிலிருந்து தோப்புக்கும், தோப்பிலிருந்து வீட்டுக்கும் என்று முதல், இரண்டாம் கியரிலேயே சுற்றினால் அந்த வாய்ப்பு கிடைக்காது. எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் வண்டியை அணைத்துவிட்டு அடுத்த நாளும் அப்படியே சுற்றுபவர்கள்தான் கடைசியில் இழுவை வண்டியில் வருகிறார்கள். உங்கள் வீட்டில் ஓசூர்ப் பயணம் இருப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. அந்தப் பயணம் இல்லாத வாரங்களில் பெங்களூரு–சேலம் நெடுஞ்சாலையில் ஏறி அரைமணி நேரம் ஒரே சீராக ஓட்டிவிட்டு வாருங்கள்.

அந்தச் சாலையில் சேலம் நோக்கிப் போனால் தொப்பூர் இறக்கம் வரும். சுமையேற்றிய பிக்கப்பை அங்கே பிரேக்கை மட்டும் நம்பி இறக்க வேண்டாம். கியரைக் குறைத்து இஞ்சின் பிடிப்பில் இறக்குங்கள். பின்சக்கரங்களில் டிரம் பிரேக், முன்னால் டிஸ்க். இரண்டும் சூடேறிவிட்டால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். மழை நாளில் காலித் தொட்டியோடு வளைவில் திடீரென்று பிரேக் மிதித்தால் பின்பாகம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போவதையும் மனத்தில் வைத்திருங்கள்.

சேற்றில் போய்வந்த வண்டியை மேலே மட்டும் கழுவி விட்டுவிடுகிறார்கள். அடியில், கமான் பட்டைகளுக்கு இடையிலும், சேஸிஸ் மடிப்புகளிலும், பின் டிரம்முக்குள்ளும் செம்மண் அப்பிக் காய்ந்துவிடும். தொடக்கத்தில் கிரீச்சென்று சத்தம் கேட்கும். பிறகு புஷ் தேயும். மழைக்காலம் முடிந்ததும் ஜாக்கியில் தூக்கி, உயர் அழுத்த நீரால் அடிப்பாகத்தைக் கழுவி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்டுகளில் கிரீஸ் அடிக்கும் இடம் இருந்தால் புதுக் கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடித்துவிடுங்கள். ஓடையில் அச்சு மூழ்குமளவுக்கு நீரில் போயிருந்தால், கிரவுன் எண்ணெயை (அச்சின் பற்சக்கரப் பெட்டியில் உள்ள எண்ணெய்) சற்று வடித்துப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் நீர் உள்ளே போய்விட்டது என்று பொருள். உடனே மாற்றியாக வேண்டும். கிரானைட் குவாரி லாரிகள் ஓடும் சாலையில் அடிக்கடி போவதானால், ஏர் ஃபில்டரை அட்டவணையில் சொன்ன தூரத்துக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. நான்கு சக்கர இணைப்பைக் கோடை முழுவதும் தொடாமலே விட்டுவிடாதீர்கள். மாதம் ஒருமுறையாவது மண்பாதையில் இணைத்துச் சிறிது தூரம் ஓட்டினால்தான் உள்ளே எண்ணெய் பரவும், இணைக்கும் மோட்டாரும் இறுகாது.

வண்டியோடு வரும் டயர் சாலைக்கு ஏற்றதாக இருந்தால், அது தேய்ந்தபின் அதே அளவில் ‘ஆல் டெரெய்ன்’ வகை டயருக்கு மாறுங்கள். ஈரச் செம்மண்ணில் டயரின் பள்ளங்கள் களிமண்ணால் நிரம்பி, முழு டயரும் வழுவழுவென்று ஆகிவிடுவதுதான் வழுக்கலுக்குக் காரணம்; அகலப் பள்ளமுள்ள டயர் உருளும்போது அந்த மண்ணை உதறிவிடும். காற்றைச் சற்றுக் குறைத்தாலும் பிடி கூடும். ஆனால் தார்ச்சாலைக்கு வந்ததும் மீண்டும் நிரப்ப வேண்டும் என்பதால், சிகரெட் லைட்டரில் இயங்கும் சிறு காற்றடிப்பான் ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: இராயக்கோட்டை மண்டி வண்டி

பட்டறைக்காரர் எழுதியதைத்தான் நானும் சொல்ல வந்தேன். வாங்கும் முன், அந்த நிறுவனத்தின் பணிமனை உங்களுக்கு மிக அருகில் எங்கே இருக்கிறது, சனிக்கிழமை வண்டியை விட்டால் அன்றே தருவார்களா, முன்கண்ணாடியும் பின்விளக்கும் கையிருப்பில் இருக்குமா என்பவற்றை நேரில் போய்க் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருடைய பெரிய பிக்கப் (எந்த நிறுவனம் என்பது வேண்டாம்) ஒரு கதவு வருவதற்காக வாரக்கணக்கில் நின்றது. விளைச்சல் நேரத்தில் வண்டி நிற்பதைவிடப் பெரிய செலவு கிடையாது. மற்றபடி, நீங்கள் சரக்குக்காக வாங்கவில்லை என்று தெளிவாகிவிட்டதால் என் கேம்பர் யோசனையை நான் வலியுறுத்தவில்லை.

கேள்வியாளர்: பாலக்கோடு தோட்டக்காரர்

பதில்களையெல்லாம் வீட்டில் அனைவரும் அமர்ந்து படித்தோம். தானியங்கி என்பதில் ஐயமில்லை. வி-கிராஸ் நான்கு சக்கர வகைக்கும் ஹைலக்ஸுக்கும் இடையிலான விலை வேறுபாடுதான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. கடைசியாக ஒன்று: ஓடையில் மழைக்காலத்தில் முழங்காலளவு நீர் ஓடும். ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் ஆழம் வரை போகும் என்று படித்தேன். அதை நம்பி இறங்கலாமா? விடுமுறையில் குடும்பத்தோடு மேலகிரிப் பக்கம் காட்டுப்பாதைகளிலும் போய்வரலாம் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்.

பதில்: தேன்கனிக்கோட்டை மலைப்பாதை

700 மில்லிமீட்டர் என்பது அசையாத நீருக்கான அளவு. ஓடும் நீர் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். கதவின் அடிப்பகுதியைத் தொட்டுவிட்டால் நீரே வண்டியைத் தூக்கத் தொடங்கும், டயர் தரையைப் பற்றாது. முழங்காலளவு தெளிந்த நீர், அடியில் பாறை அல்லது கூழாங்கல் என்று ஒருவர் இறங்கி நடந்து பார்த்து உறுதிசெய்தபின், ஃபோர் லோவில் முதல் கியரில் நிறுத்தாமல் போகலாம். நீர் செந்நிறமாகக் கலங்கி வந்தால் மேலே மலையில் மழை பிடித்திருக்கிறது என்று பொருள். வண்டி எதுவானாலும் இக்கரையிலேயே நிற்பதுதான் முறை. ஓடையின் அடியில் கல் பரப்பி ஒரு சிறு பாவுதளம் அமைக்கப் பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து முயன்று பாருங்கள். இரு வண்டிகளுக்கும் இடையிலுள்ள விலை வேறுபாட்டில் ஒரு பகுதியே அதற்குப் போதும்.

காட்டுப்பாதை ஆசையைப் பற்றிக் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளின் பெரும்பகுதி 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தைச் சேர்ந்தது. 2022இல் காவிரி தெற்கும் சேர்ந்துகொண்டது. பொதுச்சாலையை விட்டு அனுமதியின்றி உள்ளே இறங்குவது குற்றம். பொதுச்சாலையிலேயே மாலை மங்கியபின் யானை குறுக்கிடும். 5.3 மீட்டர் வண்டியைக் குறுகிய சாலையில் அவசரமாகத் திருப்ப முடியாது என்பதால், இருட்டுவதற்கு முன் ஊருக்குள் வந்துவிடுவது எங்கள் வழக்கம். பிள்ளைகளுக்கு ஃபோர் லோவின் அருமையைக் காட்ட உங்கள் தோப்பு ஏற்றமே போதும்.

விலை பற்றி என் கருத்து: மாதத்தில் பெரும்பாலான கிலோமீட்டர்கள் ஓசூர் சாலையில்தான் ஓடப்போகின்றன என்றால், ஹைலக்ஸின் இஞ்சினுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் ஒவ்வொரு முந்தலிலும் திரும்பக் கிடைக்கும். தோப்புதான் முதன்மை, ஓசூர் எப்போதாவது என்றால், வி-கிராஸ் நான்கு சக்கர தானியங்கி போதும். மிச்சத்தில் நல்ல டயரும், தொட்டிக்கு உறையும், ஓடைக்குக் கல்லும் ஆகிவிடும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவதுதான் உங்கள் நிலை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கடைசிச் சொல் ஓசூருக்கு ஓட்டப்போகிறவருடையது.

காட்சியறையினர் சோதனை ஓட்டத்துக்குத் தார்ச்சாலையைத் தாண்டி விடமாட்டார்கள். அடுத்த நல்ல மழைக்குப் பிந்தைய ஞாயிற்றுக்கிழமை என் வண்டியையும் மைத்துனர் வண்டியையும் மாரண்டஅள்ளிக்குக் கொண்டு வருகிறோம். நீங்களும் வீட்டாரும் இரண்டிலும் அதே ஏற்றத்தை ஏறி இறங்கிப் பாருங்கள். தந்தையார் எந்தக் கேபினில் எளிதாக ஏறி உட்காருகிறார் என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். மூன்று உர மூட்டைகளை மட்டும் கீழே தார்ச்சாலை ஓரத்தில் தயாராக வைத்திருங்கள். காலித் தொட்டியோடு ஒருமுறையும், மூட்டைகளோடு ஒருமுறையும் ஏற்றிக் காட்டுகிறேன்.